கையெழுத்திட்டு வாங்கிய கடிதம்

தேயிலைத் தோட்டத்தின் தபால்காரர் இராமையா எவருடைய கடிதத்தையும் வாசலில் வீசிவிட்டுப் போனதில்லை. முப்பத்தாறு ஆண்டுகளாக அது அவருடைய வழக்கம். காலை ஏழு மணி பஸ்ஸில் அக்கரப்பத்தனைத் தபாலகத்துக்குப் போவார். தோட்டத்துக்கு வந்தவற்றை மொத்தமாகப் பெறுவார். பதிவுத் தபால் எவருக்கு வந்திருந்தாலும் தோட்டத்தின் சார்பில் அவரே கையெழுத்திடுவார். பத்து மணிக்குத் திரும்பி வந்து, தோட்ட ஆபீசுக்கு வெளியே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கேற்ப லயம் லயமாகப் பிரிப்பார். நானூறு குடும்பங்களுக்கும் முகவரி ஒன்றுதான். அந்த ஒற்றை முகவரிக்குள் யார் எந்த லயத்தில், எத்தனையாவது காம்பராவில் இருக்கிறார் என்பது இராமையாவின் தலைக்குள் மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

வாசலில் நின்று, உறையிலுள்ள பெயரைத் தந்தை பெயரோடு சேர்த்து உரக்க வாசிப்பார். "நான்தாங்க" என்று பதில் வந்த பிறகே அவர் கை நீளும். மழையோ காய்ச்சலோ, பிறர் கடிதம் ஓர் இரவு கூடத் தம்மிடம் தங்கலாகாது என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட சட்டம். அறுபது வயதில் ஓய்வு கொடுத்த பிறகும், வேறு எவரும் சரிவரவில்லை என்று நாட்கூலிக்கு அவரையே வைத்துக்கொண்டது தோட்டம்.

அந்தப் புதன்கிழமை ஏழாம் நம்பர் லயத்தில் இராமையா, உறையிலுள்ள பெயரை வாசிக்காமலே ஒரு கடிதத்தை நீட்டினார்.

"என்னங்க மாமா, பேரு படிக்கலியா? அடுத்த வீட்டுக்காரியோட கடனையும் நானே கட்டணுமா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

இராமையா சிரிக்கவில்லை. தலையை அசைத்துவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

பத்தொன்பது நாட்களாகவே அவர் அப்படித்தான் இருந்தார். அதற்கான காரணம் தமக்குத் தெரியும் என்றே தோட்டம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தது. சென்ற வார இதழ்களில் இந்தக் குடும்பத்தோடு பழகிய வாசகர்களுக்கும் அது நினைவிருக்கும். இராமையாவின் மகன் கஜேந்திரன் நான்கு வேன்கள் வைத்துத் தொழில் செய்கிறான். காலையில் பள்ளிப் பிள்ளைகளையும், பகலில் நோயாளிகளையும் ஏற்றி இறக்குகிறான். தோட்டத்திலிருந்து அக்கரப்பத்தனைக்கு இறங்கும் பாதையில் நாலு மைல் தூரத்துக்குக் கைபேசி எடுபடாது. அந்த நாலு மைலுக்குள்தான், அவன் தங்கை ஜெயந்தினியைப் பிரசவத்துக்கு ஏற்றிச் சென்ற வேன் மூடுபனியில் அச்சு முறிந்து நின்றது.

சாரதி ஜீவராஜ் உதவி தேடி மேலே ஓடினான். துணைக்குப் போன கஜேந்திரனின் மனைவி சுதர்ஷினி கீழே ஓடினாள். வேறொரு வேன் லயத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அது போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அவர்கள் கதவைத் திறந்தபோது ஜெயந்தினி தனியாக இருந்தாள். குழந்தை மடியில் இருந்தது. அதற்கு உயிர் இல்லை.

வேன்களிலும் வீட்டிலும் வோக்கி டோக்கி வைத்துக்கொள்வதற்கு கஜேந்திரன் அனுமதி கேட்டு எழுதி, அப்போதே ஐந்து மாதம் கடந்திருந்தது. கொழும்பிலிருந்து பதில் இல்லை.

அந்தப் புதன்கிழமை காலை, தகப்பன் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கஜேந்திரன் நுவரெலியாவுக்குப் புறப்பட்டான்.

"பேரின்பநாயகம் ஐயா கொழும்புல பேசிட்டாராம். நேர்ல வரச் சொல்றாரு."

சுதர்ஷினி அடுப்படியில் முட்டைக்கோவா இலைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். அவை கறிக்கு அல்ல. உள் காம்பராவில் படுத்திருந்த ஜெயந்தினிக்குப் பால் கட்டி நெஞ்சு வலித்தது. குளிர்ந்த இலையை வைத்துக் கட்டினால் வலி கொஞ்சம் தணியும் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தார்.

"இன்னும் எத்தன தடவ நடப்பீங்க? வோக்கி டோக்கி செட்ட வாங்கிப் பாவிக்கலாம், யாரு பாக்கப் போறாங்கன்னு ஜீவராஜ் சொல்றான்."

"ஜீவராஜுக்கு என்ன, சொல்லுவான். லைசன் இல்லாம அத நம்ம கையில பாத்தா பொலிசுல மொதல்ல என்ன கேப்பாங்கன்னு அவனுக்குத் தெரியாது."

சப்பாத்துக் கயிற்றைக் கட்டிய இராமையாவின் விரல்கள் நின்றன.

"கஜா, அந்த யோசனையே வேணாமே. டவர் போடப் போறதாத்தானே சொல்றாங்க."

"பத்து வருசமா சொல்றாங்கப்பா. மேல்கணக்கு லயங்கள்ல மட்டும் ஆறு பேரு புள்ளத்தாச்சியா இருக்காங்க. டவர் வாற வரைக்கும் வலி வராம பாத்துக்கங்கன்னு நீங்களே தபாலோட சேத்துச் சொல்லிட்டு வந்துருங்க."

இராமையா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். உள் காம்பராவில் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. 

*

பேரின்பநாயகத்தின் கடை நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மரக்கறிக் கடையின் மாடியில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். தொலைத்தொடர்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்று, வானொலிக் கருவிகள் விற்றுக்கொண்டு, அவற்றுக்கு அனுமதி எடுக்கும் பத்திரங்களையும் நிரப்பிக் கொடுத்துவந்தார். கஜேந்திரனைக் கண்டதும் எதிர்க் கதிரையைக் காட்டினார்.

"இரும் தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

"விசயத்தச் சொல்லுங்க ஐயா. தேத்தண்ணி பொறகு குடிக்கலாம்."

"உமக்குக் கடிதம் போட்டிருக்கினம். பாதுகாப்பு அனுமதிக்கு இன்னும் சில விவரம் வேணுமெண்டு. இரண்டரை மாசம் ஆச்சு. நீர் பதில் போடேல்ல."

"எனக்கு ஒரு கடிதாசியும் வரலீங்க."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான். அவையள் இதை அனுப்பியிருக்கினம்."

அவர் தமது கைபேசியை மேசையில் திருப்பி வைத்தார். பதிவுத் தபால் பெற்றதற்கான அட்டையின் படம் அது. திகதி இருந்தது. முத்திரை இருந்தது. அடியில், நீண்ட கோட்டின் மேல், பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகளில் பத்து வருடம் கஜேந்திரன் பார்த்துப் பழகிய கையெழுத்து இருந்தது.

அவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கினான். பிறகு சிறிதாக்கினான். கையெழுத்து மாறவில்லை.

"உங்கட அப்பா மறந்திருப்பார்," என்றார் பேரின்பநாயகம்.

"அப்பா மறக்க மாட்டாரு. செத்தவங்களுக்கு வந்த கடிதாசியக்கூட மகன் வீடு தேடிக் கொடுத்த ஆளு." கஜேந்திரனின் குரல் மிகவும் அடங்கியிருந்தது. "சண்ட காலத்துல எங்க சித்தப்பாவ ரேடியோவ வச்சித்தான் பொலிசுல புடிச்சாங்க. லயத்துல ரேடியோ திருத்திக் கொடுப்பாரு. ஆறு வருசம் உள்ள இருந்தாரு. நான் இந்த வோக்கி டோக்கி பேச்ச எடுத்த நாள்லேருந்தே அப்பாவுக்குப் புடிக்கல. ஒளிச்சே வைப்பாருன்னு நெனைக்கல."

பேரின்பநாயகம் சாளரத்துப் பக்கம் திரும்பினார். கீழே லீக்ஸ் கட்டுகளை யாரோ லொறியில் எறிந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கோவத்தோட வாகனம் ஓட்டப் போறீர். ஒரு கதை சொல்லுறன், கேட்டிட்டுப் போம். ஒரு தாய் மரைமான் இருந்தது. உப்பு மண் நக்கப் போன இடத்தில அதின்ர சோடி கண்ணியில அகப்பட்டுப் போச்சு. அண்டு தொட்டுத் தன்ர குட்டியை அந்த உப்பு மண் பக்கமே விடேல்ல. நல்ல புல்லுக் காட்டினது, நல்ல தண்ணி காட்டினது. எண்டாலும் உப்பில்லாமல் குட்டியின்ர காலெலும்பு உரம் பிடிக்கேல்ல. பிறகு ஒருநாள் சிறுத்தை வந்தது. தாய் ஓடிச்சுது. குட்டிக்கு ஓட ஏலாமல் போச்சு."

"இப்ப தாயத் திட்டணுமா, வேணாமா?"

"அது உம்மட பாடு. நான் கதைதான் சொன்னனான்."

"எங்க வீட்டுல குட்டி நெசமாவே செத்துப் போச்சுங்க ஐயா." பத்தொன்பது நாட்களுக்கு முன் நடந்ததை கஜேந்திரன் மூன்று வாக்கியங்களில் சொன்னான்.

பேரின்பநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாமல் சொல்லிப்போட்டன் தம்பி. குறை நினையாதையும்."

தேநீர் வந்தது. இருவரும் தொடவில்லை.

"இனி என்னதான் செய்யலாம்?" என்று கஜேந்திரன் கேட்டான்.

"வெள்ளிக்கிழமையோட உம்மட விண்ணப்பக் கோப்பை மூடப் போகினமாம். பிறகு எல்லாம் முதலில இருந்து. இன்னுமொரு வருசம் எண்டு வையும். அதுக்கு முன்னம், கடிதம் உம்மட கைக்கு வரேல்ல எண்டு காட்ட வேணும். அதை வாங்கின ஆள் சமாதான நீதவானுக்கு முன்னால வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைச்சால், திரும்ப எடுப்பினம். அவையள் கேட்ட விவரமும் சேர்ந்து போக வேணும்."

"அப்பா அப்படி எழுதிக் கொடுத்தா?"

"அடுத்தவற்ற பதிவுத் தபாலை மறைச்சது சின்ன விசயமில்ல. தோட்டம் அவரை வைச்சிருக்காது. அதுக்கு மேல என்ன செய்வினமோ, எனக்குச் சொல்லத் தெரியேல்ல."

கஜேந்திரன் எழுந்தான். ஒரு பக்கம் தகப்பனின் முப்பத்தாறு வருடப் பெயர். மறுபக்கம், பேச்சற்றுக் கிடக்கும் அந்த நாலு மைல் பாதை. படிக்கட்டில் இறங்கும்போது இரண்டும் ஒரே எடையாக அவன் தோளில் இருந்தன. நானுஓயாவைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தலவாக்கலையிலும் விடவில்லை.

*

அவன் வீட்டுக்கு வந்தபோது இரண்டரை மணி. இராமையா பீலிக்கரையில், கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கஜேந்திரன் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது யாரு கையெழுத்து?"

இராமையாவுக்கு மூக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"என்னோடதுதான்."

"கடிதாசி எங்க?"

"பொட்டியில இருக்கு."

மறுப்பார் என்று எதிர்பார்த்து, வழியெல்லாம் சேர்த்துவந்த வார்த்தைகள் கஜேந்திரனுக்கு உதவாமல் போயின.

"தெரிஞ்சேதான் வச்சிருந்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

இராமையா உள்ளே போய், தமது தகரப் பெட்டியின் அடியிலிருந்து உறையை எடுத்துவந்தார். ஒழுங்காக ஓரம் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே, வேன் சாரதிகளின் அடையாள அட்டைப் பிரதிகள், கருவி வைக்கும் இடத்தின் விவரம் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். நான்காவது கேள்விக்கு நேரே விரல் பட்டுப் பட்டுத் தாள் மங்கியிருந்தது: விண்ணப்பதாரரின் குடும்பத்தினர் எவரேனும் முன்னர் பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தால், விவரம்.

"தொண்ணூறாம் வருசம் இதே மாதிரி ஒரு கடிதாசி வந்திச்சு," என்றார் இராமையா. "ஒன் சித்தப்பா அழகன் பேருக்கு. சின்ன விசாரண, வந்துட்டுப் போகணும்னு எழுதியிருந்தாங்க. அவன் போகலண்ணேன்னுதான் சொன்னான். தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும், போயிட்டு வாடான்னு நாந்தான் அனுப்பி வச்சேன். ஆறு வருசம் கழிச்சி வந்தான். பேரு சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டான். மூணு வருசத்துல போய்ச் சேந்துட்டான்."

"அது தெரியும்ப்பா."

"நான் அனுப்புனது ஒனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இத ஒங்கிட்டக் கொடுத்தா நீயும் சித்தப்பா பேர எழுதுவ. எழுதுனா ஒன்னயும் வரச் சொல்லுவாங்க. இன்னொரு தடவ அந்த வேலைய என்னால செய்ய முடியலடா."

"காலம் வேறப்பா இப்ப."

"வேறன்னா, காலையில சுதர்ஷினிகிட்ட ஏன் அப்படிச் சொன்ன? நம்ம கையில பாத்தா பொலிசுல என்ன கேப்பாங்கன்னு?"

கஜேந்திரன் கடிதத்தை மடித்து உறைக்குள் திணித்தான். 

"சரி, அன்னைக்குப் பயந்துட்டீங்க," என்றான். "ஜெயந்தி வெறுங்கையோட வந்து எறங்குனாளே, அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு அவ மொகத்த எப்படிப் பாக்குறது?"

"சொல்லாம மட்டும் எப்படிப் பாத்தீங்க?"

"பாக்கல," என்றார் இராமையா. "பத்தொம்பது நாளா அந்தக் காம்பராவுக்குள்ள நான் போகல."

கஜேந்திரன் திரும்பினான். வாசலில் சுதர்ஷினி நின்றாள். அவளுக்குப் பின்னால், சுவரைப் பிடித்தபடி, சால்வை போர்த்திய ஜெயந்தினி நின்றாள். அவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று எவரும் கேட்கவில்லை.

இராமையா இரண்டடி முன்னே வந்தார். ஈரக் காலோடு, மகள் முன்னால், தலை குனிந்து நின்றார்.

"அண்ணன் கேட்டதுக்கு வந்த பதில நாந்தான் ஒளிச்சி வச்சேம்மா. அந்த ரேடியோ வந்திருந்தா ஒனக்கு ஆளு வந்திருக்கும்."

ஜெயந்தினி அழவில்லை, ஏசவுமில்லை. "இனி அந்த ரேடியோவுக்கு என்ன செய்யணும்?" என்று தமையனைக் கேட்டாள்.

வாக்குமூலத்தைப் பற்றி கஜேந்திரன் சொன்னான். அதனால் தகப்பனுக்கு என்ன நேரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னான். சொல்லிவிட்டு, "நான் எழுதச் சொல்லல. ஒரு வருசம் போனாப் போகட்டும்," என்றான்.

"புள்ளத்தாச்சி ஆறு பேருன்னு நீதானே சொன்ன," என்றார் இராமையா. "வண்டிய எடு."

"நானும் வரேன்," என்றாள் ஜெயந்தினி.

"இந்த ஒடம்போட எங்க போறீங்க?" என்று சுதர்ஷினி தடுத்தாள்.

"அந்த ரோட்டுல தனியா இருந்தவ நான், அண்ணி. இப்ப நாலு பேராப் போறோம்."

*

அக்கரப்பத்தனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த யோகேஸ்வரன் அந்தப் பகுதியின் சமாதான நீதவான். இராமையாவை முப்பது வருடமாக அறிந்தவர். விஷயத்தைக் கேட்டதும் கடைப் பையனை அனுப்பாமல் தாமே எழுந்து கதவைச் சாத்திவிட்டு, தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து உரக்க வாசித்தார்.

"... மேற்படி பதிவுத் தபாலை நான் பெற்றுக்கொண்ட போதிலும், வயது காரணமாக ஏற்பட்ட மறதியினால் உரியவரிடம் ஒப்படைக்கத் தவறிவிட்டேன்."

"மறதி இல்லீங்க ஐயா," என்றார் இராமையா.

"தெரியும் பெரியவரே. அப்படிப் போட்டாத்தான் ஒங்களுக்கு நல்லது. வயசானவருன்னு விட்டுருவாங்க."

"அப்படியே இருக்கட்டும்ப்பா," என்றான் கஜேந்திரன். மத்தியானம் வரை கொதித்துக்கொண்டிருந்தவன் இப்போது கெஞ்சினான்.

"வேணாம். மறந்துட்டேன்னு எழுதுனா, கெழவனோட மறதியால நடந்து போச்சுன்னு ஆயிரும். நான் ஒரு நாளும் மறக்கல. தெனமும் பொட்டியத் தொறந்து பாத்தேன். தெரிஞ்சே ஒளிச்சேன்னு போடுங்க."

யோகேஸ்வரன் பேனாவைப் பிடித்தபடி கஜேந்திரனைப் பார்த்தார். "அப்படின்னா காரணம் எழுதணுமே."

"எங்க சித்தப்பாவப் பத்தி எழுதுங்க. கேட்டா அவங்களுக்கே வெளங்கும்."

"அவன எனக்குச் சாட்சிக்குக் கூப்பிட வேணாம்," என்றார் இராமையா. "ஒரு தடவ என் பேச்சக் கேட்டுப் போனான், அது போதும். பயத்துல செஞ்சேன்னு மட்டும் போடுங்க."

அப்படியே எழுதப்பட்டது. உடன் அனுப்ப வேண்டிய விவரப் பட்டியலை யோகேஸ்வரன் வாங்கிச் சரிபார்த்தார். "நாலாவது கேள்விக்கு ஒன்னும் எழுதலியே, தம்பி?"

கஜேந்திரன் தாளைத் திரும்ப வாங்கினான். "நாளைக்கு எழுதுறேங்க ஐயா," என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என்ன எழுதுவான் என்று அவனுக்கே தெரியவில்லை. இராமையா அந்தச் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, வாக்குமூலத்தை மகளிடம் நீட்டினார்.

"படிச்சிப் பாரும்மா."

ஜெயந்தினி நின்றபடியே வாசித்தாள்.

"வேன்ல இருந்தது யாருன்னு எழுதலியே."

"அது ஆபீசுக்குத் தேவையில்லம்மா," என்றார் யோகேஸ்வரன் இதமாக. "கடிதாசி விசயம் மட்டுந்தான் அவங்க கேக்குறாங்க. அந்த லைசனும் அதுக்குள்ள வந்திருக்குமான்னு நிச்சயமாச் சொல்ல முடியாதுல்ல?"

"வந்திருக்கலாம்ல ஐயா?" என்றார் இராமையா.

யோகேஸ்வரன் பேனாவை மூடியபடி, "வந்திருக்கலாம்," என்றார்.

"ஆபீசுக்கு வேணாம். இவளுக்கு வேணும்." இராமையா பேனாவை வாங்கினார். அடியில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினார்: கடிதத்தை உரிய நாளில் கொடுத்திருந்தால் உதவி வந்திருக்கக்கூடும். வண்டியில் இருந்தவள் என் மகள் ஜெயந்தினி. இறந்து பிறந்தது என் பேத்தி.

எழுதிவிட்டுத் தாளை மீண்டும் நீட்டினார். பத்தொன்பது நாட்களில் முதல் முறையாக அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"கடைசி வரி பிழை," என்றாள் ஜெயந்தினி.

"எதும்மா?"

"எறந்து பொறக்கல. பதினோரு நிமிசம் உசுரோட இருந்தா. வேன்ல மணிக்கூடு இருந்திச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அழத்தான் இல்ல. கண்ணத் தொறந்து என்னப் பாத்தா." அவள் குரல் உயரவே இல்லை. "என்ன ஆச்சுன்னு யாரும் எங்கிட்டக் கேக்கல."

கஜேந்திரன் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான். கதவடியில் நின்ற சுதர்ஷினி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

இராமையா தாளை மேசையில் விரித்தார்.  பிறகு, தாம் எழுதிய கடைசி வரியைக் குறுக்கே வெட்டினார். அதன் கீழே, ஒவ்வோர் எழுத்தாக, மகள் சொன்னபடியே எழுதி, தமது கையெழுத்தை வைத்தார்.